அடுக்களையில் நிகழ்ந்த மருத்துவம்: வலிப்பு நோய்க்கான கீற்றோன் உணவின் வரலாறு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அம்மைப்பால் குத்தும் முறையை ஜென்னருடனும், பெனிசிலினைப் பிளெமிங்குடனும், இன்சுலினைப் பான்ரிங், பெஸ்ற் ஆகியோருடனும் இணைத்து நினைவுகூர்தல் வழக்கம். ஆய்வுகூடமும் மருத்துவமனையுமே இத்தகைய வரலாற்றின் களங்களாக அமைகின்றன. நோயாளியின் வீடும், அவ்வீட்டின் அடுக்களையும், அங்கு நாள்தோறும் நிகழும் பெயரற்ற உழைப்பும் இவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. ஆயினும் சில சிகிச்சை முறைகளின் தோற்றத்தையும் தளர்ச்சியையும் மீட்சியையும் வீட்டைப் புறக்கணித்துவிட்டு விளக்குதல் இயலாது. அத்தகைய சிகிச்சை முறைகளுள் குறிப்பிடத்தக்கது கீற்றோன் உணவு முறையாகும்.

அண்மைக் காலத்தில் இவ்வுணவு முறை உடற்பருமனைக் குறைப்பதற்கான ஒரு வழியாகவே பலராலும் அறியப்படுகின்றது. ஆனால் அது முதன்முதலில் வகுக்கப்பட்டது மெலிய விரும்புவோருக்காக அன்று. வலிப்பு நோயினால் அல்லற்பட்ட சிறுவர்களுக்காகவே வகுக்கப்பட்டது. 1921 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் பெயர் பெற்ற இம்முறை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செல்வாக்குடன் விளங்கி, பின்னர் அரை நூற்றாண்டுக் காலம் ஓரங்கட்டப்பட்டு, 1990களில் மீண்டும் கவனத்தைப் பெற்றது. இவ்வேற்றத் தாழ்வுகளுக்கான காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய நோயும் பழைய நோன்பும்

வலிப்பு நோய் மனிதகுலம் நெடுங்காலமாக அறிந்த நோய்களுள் ஒன்று. பண்டைய கிரேக்கர் இதனைப் புனித நோய் எனக் கொண்டனர். ஹிப்போக்கிரற்றீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில் இந்நோய் பற்றிய தனி நூலொன்று உண்டு. ஏனைய நோய்களை விட இது எவ்வகையிலும் புனிதமானதன்று என்றும், மூளையே இதன் பிறப்பிடம் என்றும் அந்நூல் வாதித்தது. கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியை அண்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் ஒரு நூல் இத்துணைத் தெளிவுடன் பேசியமை வியப்பிற்குரியதே. எனினும் நோயின் இருப்பிடத்தை அறிந்ததனால் மட்டும் நோய் தீர்ந்துவிடவில்லை. உணவை முற்றாக விலக்குதல் வலிப்பைத் தணிக்கும் என்ற எண்ணமும் மிகப் பழையதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வலிப்பு நோய்க்குப் பயனுள்ள மருந்தொன்று இருந்ததெனக் கூறுவதற்கில்லை. 1857 இல் இலண்டனில் சேர் சாள்ஸ் லொக்கொக் என்னும் மருத்துவர் பொற்றாசியம் புரோமைட்டின் பயனை எடுத்துரைத்தார். 1912 இல் ஜேர்மனியரான அல்பிரெட் ஹௌப்ற்மன் பீனோபாபிற்றோன் வலிப்பைக் கட்டுப்படுத்துவதை வெளியிட்டார். இவ்விரண்டு மருந்துகளும் வலிப்பைக் குறைத்தன. ஆயினும் உறக்கத்தையும் மந்த நிலையையும் உண்டாக்கின. பள்ளி செல்ல வேண்டிய சிறுவன் ஒருவன் வலிப்பிலிருந்து விடுபட்டுச் சோம்பலில் ஆழ்வதைப் பெற்றோர் கண்டனர். வேறு வழி தேடும் வேட்கை எழுந்ததற்கு இந்நிலைமையே அடிப்படையாகும்.

நோன்பிலிருந்து உணவுக்கு

1911 இல் பிரான்சு நாட்டு மருத்துவர்களான குவெல்ப்பா, மரீ ஆகிய இருவரும் வலிப்பு நோயாளர்க்குப் பட்டினிச் சிகிச்சை அளித்துப் பெற்ற அனுபவத்தை வெளியிட்டனர். இதே காலப்பகுதியில் அமெரிக்காவில் உடற்பயிற்சிப் பிரசாரகராகப் புகழீட்டியிருந்த பேர்னார் மக்பாடன், உண்ணாதிருத்தல் பல நோய்களைத் தீர்க்கும் எனப் பரப்பி வந்தார். அவரிடம் உதவியாளராயிருந்த ஹியூ கொங்கிளின் என்பவர் மிச்சிக்கன் மாநிலத்தின் பற்றில் கிறீக் நகரில் வலிப்பு நோயாளரைப் பல நாட்கள் நீரை மட்டும் அருந்திப் பட்டினியிருக்கச் செய்தார். குடலில் தோன்றும் ஒரு நஞ்சே மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்குகிறது என்பது அவரது கொள்கை. அக்கொள்கை பிழையானது; ஆயினும் அவரிடம் சென்ற நோயாளருட் பலர் குணமடைந்தனர். பிழையான விளக்கமும் உண்மையான பயனும் ஒருங்கே அமைதல் மருத்துவ வரலாற்றிற் புதுமையன்று.

இப்பயனை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொணர்ந்தவர் நியூ யோர்க் மருத்துவரான றோல் கெயெலின் ஆவார். 1921 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மகாநாட்டில் அவர் தமது அவதானங்களை முன்வைத்தார். கொங்கிளினிடம் சிகிச்சை பெற்ற சிறுவர்களுள் நியூ யோர்க்கின் செல்வம் மிக்க சட்டத்தரணி ஒருவரின் மகனும் அடங்குவான். அச்சட்டத்தரணியின் சகோதரரே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவப் பேராசிரியரான ஜோன் ஹௌலண்ட். பட்டினி எவ்வாறு வலிப்பைத் தணிக்கிறது என்பதை ஆராய்வதற்கு அச்சட்டத்தரணி பணம் வழங்கினார். ஹௌலண்டின் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் கம்பிள் முதலியோர் மேற்கொண்ட ஆய்வுகள், பட்டினியின்போது உடலில் நிகழும் இரசாயன மாற்றங்கள் பற்றிய அறிவைப் பெரிதும் வளர்த்தன. ஒரு குடும்பத்தின் துயரம் விஞ்ஞான ஆய்வொன்றின் தோற்றுவாயாக அமைந்தமை இங்கு கவனித்தற்குரியது. அதே வேளை, அத்துயரம் செல்வாக்குள்ள குடும்பம் ஒன்றின் துயரமாக இருந்தமையும் மறத்தற்குரியதன்று.

பட்டினியின் குறைபாடு வெளிப்படையானது. எவரும் என்றென்றும் பட்டினியிருத்தல் இயலாது. உண்ணத் தொடங்கியதும் பலரிடம் வலிப்பு மீண்டது. இச்சிக்கலுக்கான விடை நீரிழிவு பற்றிய ஆய்விலிருந்து கிடைத்தது. பட்டினியிருக்கும் ஒருவரது உடலில் தோன்றும் அசற்றோன் முதலிய கீற்றோன் பொருட்கள், காபோவைதரேற்று மிகக் குறைந்ததும் கொழுப்பு மிக அதிகமானதுமான உணவை உண்பவரிடத்தும் தோன்றும் என்பதை 1921 இல் சிக்காகோவைச் சேர்ந்த றொலின் வூடியற் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில், மினசோட்டா மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகரிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த றசல் வைல்டர், பட்டினியின் பயனை உணவின் மூலமாகவே பெறலாம் எனக் கருதி, அத்தகைய உணவுக்குக் கீற்றோசெனிக் உணவு எனப் பெயரிட்டார். கீற்றோன்களைத் தோற்றுவிக்கும் உணவு என்பது இதன் பொருள்.

வூடியற், வைல்டர் ஆகிய இருவருமே நீரிழிவு நோயை ஆராய்ந்தவர்கள். நீரிழிவு மருத்துவத்தில் கீற்றோன் அஞ்சப்பட்ட பொருள். இன்சுலின் இல்லாத உடலில் அது கட்டின்றிப் பெருகி உயிரைக் குடிக்கும். வலிப்பு மருத்துவத்திலோ அதுவே நாடப்பட்டது. இன்சுலின் சுரக்கும் உடலில் கீற்றோன் ஓர் எல்லைக்குள் அடங்கி நிற்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகும். வழமையாக மூளை குளுக்கோசை எரித்தே இயங்குகின்றது. குளுக்கோசு அருகும்போது ஈரல் கொழுப்பிலிருந்து கீற்றோன்களை ஆக்குகின்றது. மூளை அவற்றை மாற்று எரிபொருளாகக் கொள்கின்றது. நெடும்பட்டினியின்போது மனித மூளை கீற்றோன்களைப் பயன்படுத்துவது 1967 இல் ஜோர்ஜ் கஹில் குழுவினரால் நிறுவப்பட்டது. கீற்றோன் உணவு வலிப்பை எவ்வாறு அடக்குகிறது என்பது இன்றும் முற்றாக விளங்கிக் கொள்ளப்படவில்லை.

அடுக்களையின் ஆட்சி

வைல்டர் கூறிய கருத்தை நடைமுறை விதியாக்கியவர் மேயோ நிலையத்தைச் சேர்ந்த மைனி பீற்றர்மன் ஆவார். 1920களின் நடுவில் அவர் வகுத்த அளவுகள் வருமாறு: உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1 கிராம் புரதம், நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை காபோவைதரேற்று, எஞ்சிய சக்தி முழுவதும் கொழுப்பு. புரதமும் காபோவைதரேற்றும் சேர்ந்த நிறையைப் போல் நான்கு மடங்கு கொழுப்பு என்ற விகிதம் இம்முறையின் செந்நெறி வடிவமாக நிலைபெற்றது.

இவ்விதி அன்றாட வாழ்வில் எதனைக் குறித்தது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 15 கிலோகிராம் நிறையுடையதும் நாளொன்றுக்கு 1,200 கலோரி தேவைப்படுவதுமான ஒரு குழந்தையைக் கொள்வோமாயின், அதற்குரிய புரதம் 15 கிராம்; காபோவைதரேற்று 15 கிராம்; கொழுப்பு 120 கிராம். சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கொழுப்பிலிருந்தே வருகின்றது. பாணில் ஒரு துண்டு உண்டால் அன்றைய காபோவைதரேற்று முழுவதும் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். மறுபுறம், 120 கிராம் கொழுப்பைப் பட்டர் மூலம் மட்டும் வழங்குவதாயின் ஏறத்தாழ 150 கிராம் பட்டர் வேண்டும். இதனையே பாலாடை, பட்டர், முட்டையின் மஞ்சட் கரு, கொழுப்பு நீக்காத இறைச்சி ஆகியவற்றின் வாயிலாக மூன்று வேளைகளில் அக்குழந்தை உட்கொள்ள வேண்டும்.

மேயோ நிலையத்து உணவியலாளர் கணக்கிட்ட இவ்வளவுகளை நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு வீட்டையே சார்ந்தது. நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன்னர் அவரைப் பராமரிப்பவருக்கு இவ்வுணவு முறையைக் கற்பித்தல் இன்றியமையாதது எனப் பீற்றர்மன் வற்புறுத்தினார். பராமரிப்பவர் எனப் பொதுவாகக் கூறினும், அக்காலக் குடும்ப அமைப்பில் அது பெரும்பாலும் தாயையே குறித்தது. மருத்துவர் எழுதிய சீட்டைக் கொண்டு மருந்துக் கடைக்குச் செல்லும் தாய் அல்லள் அவள். கிராம் தராசில் ஒவ்வோர் உணவுப் பொருளையும் நிறுத்து, அட்டவணையைப் பார்த்துக் கணக்கிட்டு, தன் கையாலேயே மருந்தை ஆக்க வேண்டியவளானாள். அடுக்களை மருந்து தயாரிக்கும் கூடமாயிற்று.

அக்குழந்தையின் வாழ்வும் எளிதாயிருக்கவில்லை. தட்டில் வைத்த உணவு முழுவதையும் உண்டாக வேண்டும். தட்டில் ஒட்டிய கொழுப்பையும் வழித்து உண்டால்தான் விகிதம் பேணப்படும். பிறந்தநாள் விழாவின் கேக்கும் பள்ளித் தோழன் நீட்டும் இனிப்பும் விலக்கப்பட்டவையாயின. காய்ச்சலுக்குக் கொடுக்கும் இனிப்புப் பாகு மருந்தில் உள்ள சீனியும் கணக்கில் எடுக்கப்பட வேண்டியதாயிற்று. உடன்பிறந்தோர் ஒரே மேசையில் அமர்ந்து வேறு உணவு உண்பதை அக்குழந்தை நாள்தோறும் காண வேண்டியிருந்தது. உணவு என்பது உடலுக்கு ஊட்டம் மட்டும் அன்று. அது உறவும் ஆகும். பகிர்ந்துண்ணலிலிருந்து ஒருவரை விலக்குவது சமூகத்திலிருந்தே ஓரளவு விலக்குவதாகும். இத்தகைய விலையைக் கொடுத்தே அக்குடும்பங்கள் வலிப்பற்ற நாட்களைப் பெற்றன. நாளொன்றுக்குப் பன்முறை நிலத்தில் விழுந்து துடித்த குழந்தையின் தாய்க்கு அவ்விலை பெரிதாகத் தோன்றியிராது.

மாத்திரையின் வருகை

1938 இல் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த ஹியூஸ்ரன் மெரிற், றேசி பட்னம் ஆகியோர் டைபீனைல் ஐடன்ரொயின் என்னும் மருந்தின் பயனை வெளியிட்டனர். இதன் பின்னர் வலிப்பு பற்றிய ஆய்வு பெரும்பாலும் புதிய மருந்துகளை நாடிச் சென்றது. மருந்தை விழுங்குவதற்கு ஒரு கணம் போதும். கீற்றோன் உணவுக்கோ ஒரு குடும்பத்தின் முழு நாளும் வேண்டும். பெரும்பாலான நோயாளர் மாத்திரையாலேயே நலம் பெற்றனர். அவர்களைப் பொறுத்தவரை மாத்திரையின் வருகை உண்மையான விடுதலையே என்பதில் ஐயமில்லை.

ஆனால் மருந்துகளால் பயனடையாத சிறுவர்களும் இருந்தனர். அவர்களுக்கும் இவ்வுணவு முறை எட்டாததாகியதே இவ்வரலாற்றின் துயரமான பகுதியாகும். இதற்கான காரணம் இம்முறை தவறென நிறுவப்பட்டமை அன்று. அதனைக் கற்பிக்க வல்ல உணவியலாளர் தொகை அருகியது. அனுபவமற்றோர் மேற்பார்வையில் நடைபெற்ற சிகிச்சை நல்ல பயனைத் தரவில்லை. பயன் தராததனால் அதன் பெயர் கெட்டது. பெயர் கெட்டதனால் அதனைக் கற்போர் மேலும் அருகினர். அறிவானது நூல்களில் இருந்தால் மட்டும் போதாது, அதனைக் கையாளும் மனிதரிடத்தும் வாழ வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் போன்ற ஒரு சில நிலையங்களில் மட்டுமே இம்மரபு அறாது பேணப்பட்டது.

இடைக்காலத்தில் முறையை எளிதாக்கும் முயற்சிகளும் நிகழ்ந்தன. 1971 இல் பீற்றர் ஹற்றன்லொக்கரும் அவரது குழுவினரும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பை அடிப்படையாகக் கொண்ட உணவொன்றை அறிமுகம் செய்தனர். இக்கொழுப்பு விரைவாகக் கீற்றோனாக மாறுவதால், ஓரளவு கூடுதலான காபோவைதரேற்றை உண்ண இடமேற்பட்டது. இக்கொழுப்பைப் பிரித்தெடுக்கும் மூலப்பொருட்களுள் தேங்காயெண்ணெயும் ஒன்று என்பது தென்னை வளரும் நாட்டினர்க்கு ஆர்வம் தருவதாகும். ஆயினும் அடுக்களையில் உள்ள தேங்காயெண்ணெயும் மருத்துவத்துக்காகப் பிரித்தெடுக்கப்பட்ட அக்கொழுப்பும் ஒன்றல்ல என்பதை வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

மீட்சியும் சோதனையும்

1993 இல் அமெரிக்கத் திரைப்பட இயக்குநரான ஜிம் ஏப்ரகாம்ஸ் என்பாரின் குழந்தை கடும் வலிப்பு நோய்க்கு உள்ளாயிற்று. பல மருந்துகளும் பயனளிக்காத நிலையில், தந்தையார் தாமே நூல்களைத் தேடிப் படித்துக் கீற்றோன் உணவைப் பற்றி அறிந்தார். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் மருத்துவர் ஜோன் பிறீமன், உணவியலாளர் மில்லிசென்ற் கெலி ஆகியோரின் மேற்பார்வையில் அக்குழந்தை நலம் பெற்றது. 1994 இல் அக்குழந்தையின் பெயரால் சார்லி அறக்கட்டளை நிறுவப்பட்டது. 1997 இல் இப்பொருள் பற்றி ஏப்ரகாம்ஸ் இயக்கிய தொலைக்காட்சித் திரைப்படத்தில் மெறில் ஸ்றீப் தாயாக நடித்தார். 1920களில் ஒரு சட்டத்தரணியின் பணம் ஆய்வைத் தூண்டியது போன்றே, 1990களில் ஓர் இயக்குநரின் செல்வாக்கு மறதியைக் கலைத்தது. இவ்வொற்றுமை தற்செயலானதன்று. நோயாளியின் குரல் மருத்துவ உலகின் செவிக்கு எட்டுவதற்குச் சமூகப் பலம் தேவைப்பட்டது என்பதையே இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன. அத்தகைய பலமற்ற எத்தனையோ பெற்றோர் இவ்விடைக்காலத்தில் இப்படி ஒரு வழி உண்டென்பதையே அறியாதிருந்திருப்பர்.

உணர்ச்சி மிக்க கதை ஒன்று மட்டும் விஞ்ஞானச் சான்றாகாது. 1998 இல் பிறீமன் குழுவினர் 150 சிறுவர்களைத் தொடர்ந்து அவதானித்துப் பெற்ற முடிவுகளை வெளியிட்டனர். ஓராண்டின் பின் நூற்றுக்கு 55 பங்கினர் உணவு முறையைத் தொடர்ந்து கைக்கொண்டனர். தொடங்கியோருள் நூற்றுக்கு 27 பங்கினரிடம் வலிப்பு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்திருந்தது. கைவிட்டோருட் பெரும்பாலோர் கூறிய காரணங்கள் இரண்டு: போதிய பயனின்மை, தாங்கொணாக் கட்டுப்பாடு. எழுமாறாகப் பிரித்து ஒப்பிடும் சோதனை 2008 இல் பிரித்தானியாவிலிருந்து வெளிவந்தது. 145 சிறுவர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். மூன்று மாதங்களின் பின்னர், கீற்றோன் உணவை உண்ட பிரிவில் நூற்றுக்கு 38 பங்கினரிடமும், மற்றப் பிரிவில் நூற்றுக்கு 6 பங்கினரிடமும் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. முறை பிறந்து எண்பத்தேழு ஆண்டுகளின் பின்னரே இச்சான்று கிடைத்தது.

இதே காலத்தில், குளுக்கோசை மூளைக்குக் கொண்டுசெல்லும் புரதக் குறைபாடு 1991 இல் விவரிக்கப்பட்டது. அக்குறையுடன் பிறந்தோர்க்குக் கீற்றோன் உணவே முதன்மைச் சிகிச்சையாக அமைந்தது. 2003 முதல் ஜோன்ஸ் ஹொப்கின்சில், ஒவ்வொரு பொருளையும் நிறுக்காது காபோவைதரேற்றை மட்டும் மட்டுப்படுத்தும் எளிய முறை ஒன்றும் வளர்க்கப்பட்டது. புதுடில்லி மருத்துவர்கள் 2013 இல் வெளியிட்ட சோதனை இவ்வெளிய முறையையே பயன்படுத்தியது. சோறும் ரொட்டியும் உணவின் அடித்தளமாக உள்ள சமூகங்களில் நிறுத்தலும் கணக்கிடலும் குறைந்த முறையே நடைமுறைக்கு ஏற்றது என்பது தெளிவு.

மெலிவு நாட்டமும் மருத்துவமும்

மாப்பொருளையும் சீனியையும் விலக்கி உடலை மெலியச் செய்யும் மரபு வேறொரு வரலாற்றை உடையது. இலண்டனில் பிணச்சடங்கு ஏற்பாட்டாளராயிருந்த வில்லியம் பான்ரிங், தாம் இவ்வாறு மெலிந்த அனுபவத்தை 1863 இல் சிறு நூலாக வெளியிட்டார். சுவீடிய மொழியில் மெலிவுக்காக உணவைக் குறைத்தலைக் குறிக்கும் சொல் அவரது பெயரிலிருந்தே பிறந்தது. 1972 இல் அமெரிக்க மருத்துவர் றொபேட் அற்கின்ஸ் எழுதிய நூல் இம்மரபை மீண்டும் பரப்பியது. பின்னர் இரு மரபுகளும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டதனால் மயக்கம் நேர்ந்தது. ஒன்று ஒருவர் தாமே தெரிந்துகொள்வது. மற்றையது மருத்துவர், உணவியலாளர் ஆகியோரின் கண்காணிப்பில் பெரும்பாலும் இரண்டு ஆண்டளவு கைக்கொள்ளப்படுவது. மலச்சிக்கல், சிறுநீரகக் கல், குருதியிற் கொழுப்புயர்வு, வளர்ச்சிக் குறைவு ஆகிய பக்க விளைவுகள் இதற்கு உண்டு. விற்றமின்களும் கல்சியமும் தனியே வழங்கப்படல் வேண்டும். இதனை இயற்கையான உணவு என்று கருதித் தீங்கற்றதெனக் கொள்வது தவறாகும். உணவே மருந்தாகும்போது மருந்துக்குரிய எச்சரிக்கையும் அதனுடன் வந்தே தீரும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் புலனாகின்றன. கீற்றோன் உணவின் தளர்ச்சிக்கு அதன் பயனின்மை காரணமன்று; அது வேண்டி நின்ற உழைப்பும், அவ்வுழைப்பைக் கற்பிக்கும் நிறுவனங்களின் அருகலுமே காரணங்கள். அதன் மீட்சிக்கும் புதிய கண்டுபிடிப்பு காரணமன்று. அடுக்களையிலிருந்து எழுந்த கேள்வியே காரணம். வைல்டரும் பீற்றர்மனும் பிறீமனும் இவ்வரலாற்றில் உரிய இடத்தைப் பெற்றுள்ளனர். அவர்கள் வகுத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில், வேளைக்கு வேளை, கிராம் பிசகாது நிறுத்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் எங்கும் பதியப்படவில்லை. ஆய்வேடுகளில் நூற்றுக்கு இத்தனை பங்கினர் தொடர்ந்து கைக்கொண்டனர் எனக் குறிக்கும் எண் ஒவ்வொன்றும் உண்மையில் அவர்களது உழைப்பின் அளவேயாகும். அவ்வெண்களை அவ்வாறு படிக்கக் கற்கும்போதே மருத்துவத்தின் வரலாறு மக்களின் வரலாறாகவும் அமையும்.